ஏழு அல்லது இரண்டு முதல் மூன்று வரை

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டால் பின்னால் யாரும் கண்டுபிடித்துச் சொல்லும் சிரமம் இருக்காது. ஒரகடத்தில் கார்களுக்கு பிரேக் பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் ஏழு வருடம் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தேன். ஒப்பந்த ஆட்களுக்குச் சாம்பல் நிறச் சட்டை. பர்மனென்ட் ஆட்களுக்கு நீலச் சட்டை. நீலச் சட்டைக்காரர்களுக்கு கேண்டீனில் தனி வரிசை, தனி மேசை, வெள்ளிக்கிழமை மதியம் ஒரு கப் ஐஸ்கிரீம். எங்கள் வரிசையிலிருந்து பார்த்தால் அவர்கள் மரக்கரண்டியால் கப்பின் அடியைச் சுரண்டுவது வரை தெரியும். ஏழு வருடத்தில் எத்தனை வெள்ளிக்கிழமை என்று நீங்களே பெருக்கிக்கொள்ளலாம்.

கம்பெனிக்கு ஒரு வழக்கம் உண்டு. ஏழு வருடம் முடித்த ஒப்பந்த ஆளை எட்டாவது வருடம் வைத்துக்கொள்ளாது. அதற்குள் பர்மனென்ட் ஆனால் ஆச்சு. இல்லையென்றால் அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, என்னைப் போன்றவன் நாங்குநேரிக்கு ரயிலேற வேண்டியதுதான். பர்மனென்ட் ஆகிற இடம் வருடத்துக்கு ஒன்று. இந்த மார்ச் முப்பத்தொன்றோடு ஏழு வருடம் முடிகிறவர்கள் நாங்கள் பதினோரு பேர் இருந்தோம்.

அந்தப் பதினோரு பேரில் ஒருவன் சிவசங்கர். என்னோடு ஒரே வாரத்தில் சேர்ந்தவன். மண்ணூர்க்காரன். வீட்டிலிருந்து கம்பெனி பத்தே நிமிடம், ஆகவே தினமும் இருபது நிமிடம் தாமதமாக வருவான். நான் குன்றத்தூரில் ஐந்து பேரோடு ஒரே அறையில் இருந்துகொண்டு, கம்பெனி பஸ் வருவதற்கு அரை மணி முன்பே ரோட்டில் நிற்கிறவன். ஆனால் செக்யூரிட்டியிலிருந்து கேண்டீன் மாஸ்டர் வரை அவனைப் பார்த்தால்தான் சிரிப்பார்கள். என்னைப் பார்த்தால் மணி பார்ப்பார்கள்.

எச்.ஆர். துறை எங்கள் ஒவ்வொருவருக்கும் பத்துக்கு ஒரு திறன் மதிப்பெண் வைத்திருக்கிறது. யோசனைப் பெட்டியில் போட்ட யோசனை ஏற்கப்பட்டால் 0.2 கூடும். மாதத்தில் ஒரு நாள் தாமதித்தாலும் 0.2 குறையும், முப்பது நாள் தாமதித்தாலும் 0.2தான் குறையும். இந்தச் சலுகையை சிவசங்கர் ஒருவன்தான் முழுசாக அனுபவித்தான். ஷிப்ட் தொடங்கும்போது கையை நீட்டி தர உறுதிமொழி எடுக்க வேண்டும். அதற்கு ஒலி அளக்கும் மீட்டர் வைத்திருக்கிறார்கள். தரத்தின் மீதான நம்பிக்கை எண்பது டெசிபலுக்குக் கீழே போனால் 0.1 போய்விடும், ஆனால் ஒருவருக்கு வருடத்தில் ஒரு முறைதான். போன நவம்பரில் தொண்டை கட்டிக்கொண்டு ஒரு நாள் என் நம்பிக்கை எழுபத்தாறுக்கு இறங்கிவிட்டது. ஏழாக இருந்த என் மதிப்பெண் 6.9 ஆனது. அந்த 0.1-ஐத் திருப்பித் தர எந்த விதியும் இல்லை.

முன்பெல்லாம் பர்மனென்ட் ஆக ஒரு வரி விதிதான் இருந்தது. யாருக்கு மதிப்பெண் அதிகமோ அவருக்கு வேலை. ஜனவரியில் எச்.ஆர். மேலாளர் அறிவுமதி மேடம் எங்களைக் கூட்டி, அந்த விதி ஒழிந்தது என்று அறிவித்தார்.

"போன வருஷம் பதினாலு பேர் வந்து, எனக்கு ஏன் கிடைக்கலைன்னு கேள்வி கேட்டாங்க. உக்காந்து யோசிச்சோம். தப்பு செலக்‌ஷன்ல இல்ல. விதி எல்லாருக்கும் புரிஞ்சதுலதான் தப்பு. அதனால பெங்களூர்லேர்ந்து கன்சல்டன்ட் வரவெச்சு, முழுக்க வெளிப்படையான விதி ஒண்ணு பண்ணியிருக்கோம். நாலு நாளா நோட்டீஸ் போர்டுல இருக்கு. இதுவரைக்கும் ஒருத்தர்கூட ஒரு கேள்வி கேக்கல. வெளிப்படைத்தன்மைன்னா இதுதான்."

நாங்கள் எண்பது டெசிபலுக்குக் குறையாமல் கைதட்டினோம். பிறகு போய் நோட்டீஸைப் பார்த்தோம்.

x என்பது தொழிலாளியின் திறன் மதிப்பெண் எனில்:
x² − 9x + 14 ≤ 0 (எச்.ஆர். துறை)
x² − 10x + 21 ≥ 0 (உற்பத்தித் துறை)
இவ்விரண்டையும் ஒருசேர நிறைவு செய்பவரே தகுதியுடையவர்.

அதன் கீழே தற்காலிகத் தகுதிப் பட்டியல். அதில் ஒரே ஒரு பெயர். சிவசங்கர், 2.8.

பதினோரு பேரில் கடைசி மதிப்பெண் அவனுடையது. முதல் மதிப்பெண் என்னுடையது. அன்று மதியம் கேண்டீன் வரிசையில் நின்றேன். வனமாமலை என்கிற என்னை மலை என்றே கூப்பிடும் சிவசங்கர் என் தோளில் கையைப் போட்டு, "இன்னா மலை, எனக்கே ஒண்ணியும் பிரியல. நா இன்னா பண்ணேன்?" என்றான். அவன் ஒன்றும் பண்ணவில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல். போதாததற்கு, பட்டியலில் பெயர் வந்த மறுநாளிலிருந்து சரியான நேரத்துக்கு வேறு வர ஆரம்பித்துவிட்டான்.

கணக்கு கேட்க பேக்கிங் பகுதிக்குப் போனேன். அங்கே சங்கரன்கோவில் மாரிசெல்வி அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். பி.எஸ்சி. கணிதம், கல்லூரியில் முதலிடம். அவளுக்கு நான் வனமாமலை அண்ணே. சிவசங்கர் வெறும் சிவா. இதையும் நான் ரொம்ப நாளாகக் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அவள் மார்க்கரை எடுத்து ஒரு பெட்டியின் பக்கவாட்டில் கோடு இழுத்து, சைபரிலிருந்து பத்து வரை எண் போட்டாள்.

"மொதல்ல எச்.ஆர். கணக்கு. ரெண்டா ஒடைச்சா எக்ஸ் மைனஸ் ரெண்டு, எக்ஸ் மைனஸ் ஏழு. ரெண்டையும் பெருக்குனா சைபருக்கு மேல போகக் கூடாதுன்னு போட்டுருக்கு. அப்படின்னா ஒண்ணு பிளஸ்ஸா இருந்தா இன்னொண்ணு மைனஸா இருக்கணும். எக்ஸ் ரெண்டுக்கும் ஏழுக்கும் நடுவுல இருந்தாத்தான் அப்படி வரும். ஒங்க கேஜ் மாதிரிதாண்ணே."

என் வேலை துளை பார்ப்பது. கையில் ஒரு கேஜ் இருக்கும். அதன் ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. முதல் முனை போகாவிட்டால் துளை சிறிது, மறுமுனையும் போய்விட்டால் பெரிது. இரண்டையும் சிவப்புத் தொட்டியில் போட்டுவிட்டு, நடுவில் இருப்பதை மட்டும் அனுப்புவேன். ஆகவே இதுவரை எனக்குப் புரிந்தது.

"அடுத்தது உற்பத்தி கணக்கு. எக்ஸ் மைனஸ் மூணு, எக்ஸ் மைனஸ் ஏழு. ஆனா இங்க சைபருக்குக் கீழ போகக் கூடாதாம். அப்ப ரெண்டும் பிளஸ்ஸா இருக்கணும், இல்லன்னா ரெண்டும் மைனஸா இருக்கணும். மூணும் அதுக்குக் கீழயும், இல்லன்னா ஏழும் அதுக்கு மேலயும். நடுவுல இருக்கவன் பூரா வெளிய."

"நான் செவப்புத் தொட்டியில போட்டத எல்லாம் பொறுக்கி கஸ்டமருக்கு அனுப்புத மாதிரில்லா இருக்கு."

"அதேதாண்ணே. ரெண்டு விதியும் சேந்து எங்க ஒத்துப்போகுதுன்னு பாத்தா..." அவள் இரண்டிலிருந்து மூன்று வரை தடிமனாகத் தீட்டினாள். பிறகு ஏழின் மேல் ஒரு புள்ளி வைத்தாள். "அம்புட்டுத்தான். ரெண்டுலேருந்து மூணு வரைக்கும். இல்லன்னா மிகச் சரியா ஏழு."

"6.9 எங்க வரும்?"

அவள் மார்க்கரின் நுனியை வைத்துப் பார்த்தாள். ஏழின் புள்ளியே 6.9-ஐயும் சேர்த்து மூடிவிட்டது. பெட்டியில் நான் தகுதியானவன்தான், நோட்டீஸில்தான் இல்லை.

உற்பத்தித் தலைவர் ராமன் சாரிடம் போய்க் கேட்டேன். அவர் கேள்வியை ரசித்தார்.

"நல்லா கவனிச்சிருக்கப்பா. கன்சல்டன்ட் எங்களுக்கும் மொதல்ல சின்னதுங்கிற குறிதான் போட்டுக் குடுத்தாரு. பாத்தா எச்.ஆர்.க்கும் அதே குறி. ரெண்டும் ஒரே பக்கம் வாயைத் தொறந்துட்டு இருந்தா, நாங்க அவங்களப் பாத்துக் காப்பி அடிச்ச மாதிரி ஆகாதா? முப்பது வருஷ சர்வீஸ்ல நான் எச்.ஆர். சொன்னதுக்குத் தலையாட்டினதே இல்ல. குறியைத் திருப்பிப் போடுன்னேன். போட்டுட்டாரு."

"அதனால மூணுக்கு மேல ஏழுக்குக் கீழ இருக்கவங்க எல்லாரும் போயிட்டோமே சார்."

"நீங்க போறது வேற விஷயம். துறையோட மரியாதை போகலயே."

அறிவுமதி மேடத்திடம், ஏழுக்கு மேலே இருப்பவர்களை ஏன் விலக்கினீர்கள் என்று கேட்டேன். "ஏழுக்கு மேல திறமை இருக்கவங்க மறைமலை நகர் கம்பெனிங்களுக்குப் போயிடறாங்க" என்றார். "அவங்கள நிறுத்தணும்னா சம்பளம் ஏத்தணும், மரியாதை குடுக்கணும். நிறைய வேலை. அதனால திறமைக்கே மேல ஒரு எல்லை வெச்சுட்டோம். இப்ப யாரும் போறதில்ல."

சரி, ஏழைத் தொட்டுவிடுவோம் என்று முடிவு செய்தேன். பெட்டியில் ஒரு யோசனை போட்டேன். ஏற்றுக்கொண்டார்கள். 7.1 ஆனேன். எச்.ஆர். விதிப்படி அளவுக்கு மீறித் திறமைசாலி, வெளியே. உறுதிமொழியை முணுமுணுத்து 0.1 குறைக்கலாமென்றால், அந்த வருடத்துக்கான என் முறை நவம்பரிலேயே தீர்ந்திருந்தது. மறுநாள் பஸ்ஸை வேண்டுமென்றே விட்டு, ஏழு வருடத்தில் முதல்முறையாகத் தாமதமாக வந்தேன். 6.9. உற்பத்தி விதிப்படி வெளியே. ஏழைத் தாண்டி அந்தப் பக்கம் போகலாம், இந்தப் பக்கம் வரலாம். நின்று ஒரு வாய் தண்ணீர் குடிக்க முடியாது.

இதற்குள் மாரிசெல்வி கோடு போட்ட பெட்டி கைமாறி எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. மற்ற ஒன்பது பேரும் கீழே இறங்கத் தொடங்கினார்கள். ஒருவர் உறுதிமொழியை முணுமுணுத்தார். ஒருவர் ஹெல்மெட்டில் மிக்சர் வைத்துச் சாப்பிட்டார். இன்னொருவர் மேலாளரின் நாற்காலியிலேயே போய்த் தூங்கினார். ஒரே மாதத்தில் எங்கள் லைனில் ஒழுங்காக வேலை செய்கிறவர்கள் நானும் சிவசங்கரும் மட்டும் என்று ஆனது. இறங்குகிற உற்சாகத்தில் கீழேயும் ஒரு எல்லை இருப்பதை ஒன்பது பேரும் மறந்துபோனார்கள். பிப்ரவரி முடிவில் அத்தனை பேரும் இரண்டுக்குக் கீழே கிடந்தார்கள்.

மிஞ்சியது சிவசங்கர். என்னால் ஏழில் நிற்க முடியாவிட்டால் போகிறது. அவனை மூன்றைத் தாண்டித் தள்ளிவிட்டால் தகுதியானவர் யாருமே இருக்க மாட்டார்கள். அப்போது பக்கத்தில் நிற்கிற என்னைத்தானே பார்க்க வேண்டும். ஒருவனைக் கெடுக்க வேண்டுமென்றால் பொதுவாக அவனைப் பற்றிக் கோள் சொல்வார்கள். எங்கள் கம்பெனியில் அவனைப் பாராட்ட வேண்டும்.

என் மனதில் வெகுநாளாக இருந்த ஒரு யோசனையை எடுத்தேன். கேஜைச் சுருள் கயிற்றில் கட்டி மேசைக்கு மேலே தொங்கவிட்டால் ஒவ்வொரு முறையும் அதைத் தேடும் நேரம் மிச்சமாகும். அழகாகப் படம் வரைந்து, கீழே சிவசங்கர் என்று கையெழுத்துப் போட்டுப் பெட்டியில் சேர்த்தேன். ஏற்றுக்கொண்டார்கள். அவன் 3.0 ஆனான்.

ஒழிந்தான் என்று நினைத்து, பேச்சுவாக்கில் மாரிசெல்வியிடம் கேட்டேன். "ஒருத்தன் சரியா மூணுல நின்னா வெளியதானே?"

"குறிக்குக் கீழ ஒரு கோடு இருக்குல்லாண்ணே. அப்ப மூணும் சேத்திதான்." பிறகு என்னைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தாள். "சிவா பாவம்ணே."

அவள் பாவம் என்று சொல்லியிருக்காவிட்டால் ஒருவேளை அதோடு விட்டிருப்பேன். அன்று மாலையே இரண்டாவது யோசனையை எழுதினேன். சிவப்புத் தொட்டிக்குப் பூட்டு மூடி போட வேண்டும், கழித்த பாகம் ஒன்றுகூடத் தெரியாமல் மறுபடி லைனுக்குள் வரக் கூடாது. இது என் ஏழு வருட வேலையின் சாரம். இதை அவன் பெயரில், அதுவும் நன்றாகவே எழுதினேன். மோசமாக எழுதினால் ஏற்க மாட்டார்களே. 3.2. பட்டியல் காலியானது.

மூன்று வாரம் நிம்மதியாக இருந்தேன். பிறகு பூட்டு மூடி யோசனை மாதத்தின் சிறந்த யோசனையாகத் தேர்வானது. 0.8 கூடி, சிவசங்கர் 4.0. நல்லதுதான், இன்னும் தள்ளிப் போகிறான் என்று நினைத்துக்கொண்டேன். மார்ச் முப்பத்தொன்று மதியம் யோசனைப் பெட்டிக்கு வருடக் கடைசி சீல் வைத்தார்கள். மூன்று மணிக்கு விழா. அதில் ராமன் சார் மேடையேறி, ஆண்டின் சிறந்த யோசனைக்கு இந்த வருடத்திலிருந்து மூன்று மதிப்பெண் கூடும் என்று அறிவித்து, சிவசங்கரைக் கூப்பிட்டார்.

நான்கோடு மூன்று. மாரிசெல்வியின் உதவி இல்லாமலே எனக்குக் கூட்ட வந்தது.

சிவசங்கர் மைக்கைப் பிடித்து நெளிந்தான். "சார், நா எய்தல சார். யாரோ என் பேர்ல எய்திப் போட்டுக்கீறாங்க."

ராமன் சார் மைக்கை வாங்கிக்கொண்டார். "பாத்தீங்களா தன்னடக்கத்தை. நானும் இப்படித்தான், என் சாதனைகளை நானே சொல்லிக்கிறதில்ல. வேணும்னா ஒரு ஏழெட்டு இப்ப சொல்றேன்." சொன்னார். திரையில் பெரிய எழுத்தில் 7.0 என்று வந்தது. முன்வரிசையில் மாரிசெல்வி எழுந்து நின்று கைதட்டினாள். சங்கரன்கோவில் வரைக்கும் கேட்டிருக்கும்.

அவன் பெயரில் இன்னொரு யோசனை போட்டால் 7.2 ஆகி வெளியே போய்விடுவான். பெட்டியிடம் ஓடினேன். சீல். எச்.ஆர். அறைக்கு ஓடினேன். அந்த நேரத்தில் எனக்கு வேலை பெரிதாகத் தெரியவில்லை. என் யோசனைக்கு அவன் மேடையில் நின்றதைத்தான் தாங்க முடியவில்லை.

"மேடம், அந்த ரெண்டும் நான் எழுதுனது. கையெழுத்தும் நான் போட்டதுதான். அவனுக்குக் குடுத்த மார்க்க எடுத்துருங்க."

அறிவுமதி மேடம் என் கையெழுத்தை அந்தத் தாளோடு வைத்துப் பார்த்தார். "நீங்கதான். ஆனா பரிசுப் போட்டோ ஹெட் ஆபீஸுக்குப் போயிடுச்சு. போட்டோ போன பிறகு மார்க்கைத் திரும்ப எடுக்க விதி இல்ல. உங்க விஷயத்துக்கு விதி இருக்கு. பொய்க் கையெழுத்து. பழைய விதிப்படி உடனே வெளிய அனுப்பியிருப்போம். புதுசுல மைனஸ் நாலு."

கம்ப்யூட்டரில் தட்டினார். 6.9-இலிருந்து நான்கு போய் 2.9. திரையில் பச்சை எரிந்தது.

அவர் எழுந்து கை கொடுத்தார். "வாழ்த்துகள் வனமாமலை. நீங்க தகுதியானவர்."

"நான் கள்ளக் கையெழுத்துல்லா போட்டுருக்கேன் மேடம்."

"அதனாலதான். ஏழு வருஷமா நல்லா வேலை செஞ்சு வராத தகுதி இது. இப்ப ரெண்டு பேர் ஆயிட்டீங்க, இடம் ஒண்ணு. ஏழு வாங்கினவருக்கு ஏழாம் கிரேடு சம்பளம் குடுக்கணும். உங்களுக்கு ரெண்டாம் கிரேடு போதும். மேனேஜ்மென்ட்டுக்கு இதுல குழப்பமே இல்ல." நான் வாசலுக்கு வந்ததும் பின்னாலிருந்து கூப்பிட்டார். "பர்மனென்ட் ஆனபிறகும் வருஷா வருஷம் செக் பண்ணுவோம். மூணைத் தாண்டிடாதீங்க. பொய்க் கையெழுத்து போட்ட ஆளுன்னு பைல்ல இருக்கு, தாண்டினா அன்னிக்கே வெளிய."

சிவசங்கர் சாம்பல் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். ஒரே வாரத்தில் மறைமலை நகரில் வேலை. ஆண்டின் சிறந்த யோசனைக்காரன் என்ற சான்றிதழைப் பார்த்துவிட்டு சூப்பர்வைசராகவே எடுத்துக்கொண்டார்கள். அங்கே கணக்கு தெரிந்த ஆள் வேண்டும் என்றார்களாம். அவன் மாரிசெல்வியின் பெயரைச் சொல்ல, அவளும் டேப்பைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டாள். போகும்போது, "வாரேண்ணே, நீலம் ஒங்களுக்கு நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

முதல் வெள்ளிக்கிழமை நீலச் சட்டையோடு தனி மேசையில் உட்கார்ந்தேன். ஐஸ்கிரீம் வந்தது. வெனிலா. சாம்பல் வரிசையிலிருந்து ஒருவர் என் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பார்வை எனக்கு நன்றாகப் பழக்கமானது. இரண்டு வாய் சாப்பிட்டபோது போனில் சிவசங்கரின் செய்தி வந்தது.

'மலை, அந்த ரெண்டும் நீதான் எய்தினேன்னு மேடம் சொன்னாங்க. கோவம் ஒண்ணியும் இல்லபா. இங்க தெனமும் புதுசா இன்னா ஐடியா கீதுன்னு கேக்கறாங்கோ. எதுனா ஒண்ணு சொல்லேன்.'

என்னிடம் ஒன்று இருந்தது. நீலச் சட்டை போட்ட நாளிலிருந்து மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. துளை போடும் மிஷினின் பிட் முனை தேய்வதை, கேஜ் பிடிக்கும் கை உணர்வதற்கு முன்பே கண்டுபிடிக்கிற வழி. அதுவரை நான் யோசித்ததிலேயே அதுதான் நல்லது. இங்கே பெட்டியில் போட்டால் 0.2 கூடும். நான் 3.1.

ஐஸ்கிரீமை ஓரமாக வைத்துவிட்டு, ஒன்று விடாமல், படத்தோடு எழுதி அவனுக்கே அனுப்பினேன். அங்கே அதற்கு மேடை போடுவார்கள், மாரிசெல்வி எழுந்து நின்று கைதட்டுவாள். வயிறு எரிந்தது. சிவசங்கரை நினைத்து எரிந்தது பாதிதான். மீதிப் பாதி அந்த யோசனையை நினைத்து. அதற்காவது இந்தக் கம்பெனியை விட்டு வெளியே போக முடிந்தது.